மறுகா என்றொரு வரி

நான் ட்றைவர் எழுதுகிறேன் என்று வீட்டில் வாய்தவறிச் சொன்ன நாள் முதல் அம்மாவுக்குத் தலையிடி பிடித்துக்கொண்டது. எங்கள் ஊரான களுதாவளையில் ட்றைவர் என்றால் பஸ் ஓட்டுபவர், லொறி ஓட்டுபவர், அதற்கு மேல் போனால் உழவு இயந்திரம் ஓட்டுபவர். அவர்களை உட்கார்ந்து எழுதுவது என்ன தொழில்? பக்கத்து வீட்டு மாமி கேட்டபோது, மகள் டவுனில் ட்றைவர்மாருக்கு லைசன் எழுதிக் கொடுக்கிற கந்தோரில் இருக்கிறாள் என்று அம்மா சமாளித்துவிட்டார். அதற்குப் பிறகு மோட்டார் சைக்கிள் வாங்கிய பொடியன்கள் எல்லாம் பஸ் தரிப்பில் என்னை மறித்து, லைசன் எப்போது வரும் அக்கா என்று கேட்கத் தொடங்கினார்கள். நானும் விளங்கப்படுத்திப் பார்த்துக் களைத்து, வரும் வரும் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறுவேன்.

நான் எழுதிய ட்றைவர் வேறு. கணினிக்குள் ஓர் அட்டையைச் செருகினால், அந்த அட்டை பேசுவது கணினிக்கு விளங்காது, கணினி சொல்வது அட்டைக்கு விளங்காது. இரண்டுக்கும் நடுவில் நின்று பேச்சை மாற்றிச் சொல்கிற சின்ன நிரல்தான் ட்றைவர். எங்கள் கொம்பனியின் தலைமைக் கந்தோர் கொழும்பில் இருந்தது. மட்டக்களப்புக் கிளை டவுனில் ஒரு மாடிக்கட்டிடத்தின் மேல் தட்டில் இரண்டு அறைகள். அந்த இரண்டு அறைக்குள் இருந்துகொண்டு பைபர் அட்டைக்கு ட்றைவர் எழுதியவள் நான். கொழும்பில் இருந்த பலர் அதை நம்பவில்லை. எங்கேயோ இருந்து எடுத்திருப்பாள் என்று பேசிக்கொண்டதும் என் காதுக்கு வந்தது. எடுத்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும், இவ்வளவு நாள் மண்டையை உடைத்திருக்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பினேன்.

சமாதானம் என்று பெயர் சொல்லிக்கொண்டிருந்த வருசங்கள் அவை. சண்டை நின்றிருந்ததே தவிர யுத்தம் முடியவில்லை. ஆமியின் சென்றிகள், வீதிக்கு வீதி நின்ற இராணுவக் காவலரண்கள், இருந்த இடத்திலேயே இருந்தன. மேற்கே படுவான்கரையில் இயக்கத்தின் ஆட்சி, கிழக்கே எழுவான்கரையில் அரசாங்கத்தின் ஆட்சி, நடுவில் வாவி. அந்தக் காலத்தில் ஒரு நிவாரண அமைப்பு டவுனுக்குள் ஒரு கந்தோரும் கல்லடியில் ஒரு களஞ்சியமும் வைத்திருந்தது. இரண்டையும் பைபர் கேபிளால் இணைத்துத் தரும் வேலையை எங்கள் கொம்பனி எடுத்திருந்தது. கேபிள் இரண்டுக்கும் நடுவில் வாவியைக் கடக்கிற பாலத்தின் ஓரமாகப் போனது. பாலத்தில் ஆமிச் சென்றி. கேபிளில் ஒட்டுப் போட்ட பெட்டி சென்றிக்குக் கொஞ்சம் தள்ளி, பாலத்துக் கம்பியோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது.

அந்த ஒட்டுகளைப் போட்டவர் என்னைவிடச் சில வயது மூத்தவர். நான் அண்ணன் என்று கூப்பிடுவேன், அவர் என்னைப் புள்ள என்பார். மட்டக்களப்புப் பறங்கியர், போர்த்துக்கேய வழிவந்தவர். அவருடைய ஆட்களில் தச்சர்கள், கொல்லர்கள், மெக்கானிக்குகள் நிறைய. இவர் மட்டும் தலைமயிர் தடிப்பான கண்ணாடி இழையை வெட்டி, இரண்டு முனையையும் உருக்கி ஒட்டுகிற வேலைக்கு வந்துவிட்டார். தன் கையைப் பற்றி அவருக்கு நிறையப் பெருமை. ஒட்டுப் போட்டு முடிந்ததும் யாராவது பக்கத்தில் நின்றால் போதும், கையை நீட்டிக் காட்டி, நடுங்குதா பார் என்பார். நடுங்காது. கலியாண வீடுகளில் வயலின் வாசிப்பதாலேதான் கை அப்படி நிற்கிறது என்பது அவருடைய கட்சி. அவருடைய உடன்பிறப்புகள் எல்லாம் அவுஸ்திரேலியா போய்விட்டார்கள். அக்கா ஒருவர் அங்கிருந்து வா வா என்று அலுப்புக் கொடுத்துக்கொண்டே இருந்தார். இவர் இங்கே எனக்கு வேலை இருக்கிறது என்று மறுத்துக்கொண்டே இருந்தார்.

எங்கள் முகாமையாளர் காத்தான்குடிக்காரர். அங்கத்து முஸ்லிம்கள் மூத்தவரைக் கூப்பிடுவது போல நானா என்று கூப்பிடுவோம். குடும்பம் முழுக்கப் புடவைக்கடை. இவர் மட்டும் கணினிப் பக்கம் வந்ததால், வீட்டில் நஷ்டக் கணக்கில் எழுதப்பட்ட ஆள் என்று தன்னைப் பற்றித் தானே பகிடி சொல்வார்.

இப்போது அந்த ட்றைவர் செய்ய வேண்டிய வேலையைச் சொல்ல வேண்டும். பெரிய விசயம் ஒன்றும் இல்லை. எதிர்ப்பக்கத்து வெளிச்சம் கண்ணாடி இழை வழியாக வருகிறதா, இணைப்பு இருக்கிறதா இல்லையா என்று அட்டையைக் கேட்டுச் சொல்ல வேண்டும். இருக்கு, இல்லை. இரண்டே பதில். ஆனால் இந்த இரண்டு பதிலையும் ஒழுங்காகச் சொல்ல வைப்பதற்குத்தான் நான் படாத பாடுபட்டேன்.

காரணம், அட்டையில் இருக்கிற சிப்பின் குணம். வெளிச்சம் ஒரு கண் சிமிட்டும் நேரம் நின்று திரும்பி வந்தாலும், சிப் அதை மறக்காது. "இல்லை" என்று தனக்குள் எழுதி வைத்துக்கொள்ளும். யாராவது ஒருமுறை வந்து வாசிக்கும் வரைக்கும் அதை அழிக்காது. நீங்கள் போய் வாசித்தால், எப்போதோ நடந்ததைச் சொல்லி "இல்லை" என்னும். சொல்லி முடித்த பிறகுதான் இப்போதைய நிலைமைக்கு வரும். ஆகவே இரண்டு தரம் வாசிக்க வேண்டும். முதல் பதிலைக் கேட்டு ஒரு பக்கத்தில் வைத்துவிட்டு, இரண்டாவது பதிலை நம்ப வேண்டும்.

இதைக் கண்டுபிடித்ததும் எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. எங்கள் ஆட்களும் அப்படித்தானே. ஊருக்குப் போன் எடுத்து எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், முதலில் வருவது நடந்து முடிந்த வில்லங்கம். சுற்றிவளைப்பு நடந்தது, பஸ் ஓடவில்லை, மாட்டைக் காணவில்லை. அதை முழுக்கச் சொல்லவிட்டு "மறுகா?" என்று கேட்க வேண்டும். மறுகா ஒண்டும் இல்ல, மாடு வந்திட்டு, சோறு ஆக்குறம் என்பார்கள். மட்டக்களப்பில் ஒருவரோடு பேசிக்கொண்டிருக்க இந்த ஒரு சொல் போதும். பிறகு என்ன, திரும்பவும், அதற்கு அடுத்தது, இப்போது எப்படி எல்லாம் அதற்குள் அடக்கம்.

ஆகவே இரண்டாவது தரம் வாசிக்கிற வரிக்குப் பக்கத்தில் குறிப்பாக அந்தச் சொல்லையே எழுதினேன். மறுகா. நிரலுக்குள் தமிழ் எழுத்துப் போட அப்போது வழி இல்லாததால் ஆங்கில எழுத்தில் எழுதினேன். எனக்கு அது போதுமானதாக இருந்தது. ட்றைவரும் பல மாதங்கள் ஒரு குறையும் சொல்லவிடாமல் ஓடியது. களஞ்சியத்தில் அரிசி மூட்டை இறங்கினால் டவுன் கந்தோரில் உடனே தெரிந்தது. கேபிளுக்கு ஏதும் நடந்தால் உடனே வயர்லெஸ் வழிக்கு மாறிக்கொள்ளும் ஏற்பாடும் இருந்தது.

பிறகு ஒரே வாரத்தில் இரண்டு காரியம் நடந்தது. பாலத்துச் சென்றியை ஆமிக்காரர் கொஞ்சம் பெருப்பித்தார்கள். கேபிள் இடைஞ்சல் என்றதால் அண்ணன் போய் அதை வெட்டி, நகர்த்தி, புதிதாக ஒட்டுப் போட்டுக் கொடுத்தார். அதே வாரம் தலைமைக் கந்தோரில் இருந்து எல்லாக் கிளைக்கும் பொதுவாக ஒரு சிடி வந்தது. ட்றைவர்கள் எல்லாவற்றையும் கூட்டித் துப்புரவாக்கியிருக்கிறோம், இதையே போடுங்கள் என்று அறிவித்தல். போட்டோம்.

அதற்குப் பிறகு இணைப்பு விழத் தொடங்கியது. மின்சாரம் நின்று ஜெனரேற்றருக்கு மாறுகிற ஒவ்வொரு தடவையும் விழும். விழுந்தால் எழும்பாது. இல்லை, இல்லை, இல்லை என்று ட்றைவர் எழுதி வைக்கிற பதிவு பக்கம் பக்கமாக நிறையும். கணினியை நிறுத்தி மறுபடி போட்டால் சரிவரும். அடுத்த மின்வெட்டில் திரும்பவும் அதே கதை.

எல்லோரும் ஒட்டைத்தான் குறை சொன்னார்கள். புது ஒட்டு, புதுப் பிழை. சொல்ல வெட்கம் ஒன்றும் இல்லை, நானும் அப்படித்தான் நினைத்தேன். அண்ணனோ முதல் நாளே ட்றைவரைத்தான் சொன்னார். இரண்டு பேருக்கும் தலைக்கனம் ஒரே அளவு. ஒரு வாரம் நாங்கள் இருவரும் நேருக்கு நேர் பேசவில்லை. தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்பதையும் நானா மூலமாகவே கேட்டோம். நானா பாவம், இந்த அறையில் இருந்து அந்த அறைக்கு அலைந்தார்.

இணைப்பு விழுகிற ஒவ்வொரு முறையும் அண்ணன் பாலத்துக்குப் போக வேண்டியிருந்தது. அடையாள அட்டையைக் கொடுத்து, பையைக் கொட்டிக் காட்டி, பெட்டியைத் திறக்க அனுமதி கேட்க வேண்டும். சாமான்களில் பாதி ஆமிக்காரருக்குச் சந்தேகம் வரக்கூடிய தோற்றம். அவர் வெயிலில் குந்தியிருந்து இழையைப் பார்க்கும்போது பின்னால் ஒரு ஆமிக்காரன் சுடத் தயாராகத் துவக்கோடு நிற்பான். ஒரு முனையில் தன்னுடைய விளக்கை வைத்து மறுமுனையில் அளந்து பார்ப்பார். வெளிச்சம் குறையே இல்லாமல் வரும். பெட்டியை மூடிவிட்டு வருவார். அடுத்த நாள் கரண்ட் போகும், இணைப்பு விழும், திரும்பப் போவார். சென்றிக்குப் பொறுப்பான அதிகாரிக்குப் பொறுமை போய்விட்டது. அண்ணனுக்குச் சிங்களம் நன்றாக வரும் என்பதால் அதிகாரி சொன்னதைச் சொல் பிசகாமல் நானாவிடம் வந்து சொன்னார். ஒன்றும் உடையாமல் இனி ஒரு தரம் இந்தப் பெட்டியைத் திறக்க வந்தால், உனக்கு இந்தப் பாலத்தில் வேலை இல்லை.

கொழும்புக்கு அளவீட்டை அனுப்பினோம். அவர்கள் பதிவைத்தான் நம்பினார்கள். பதிவு இல்லை என்கிறது, உங்கள் ஆள் இருக்கு என்கிறார், மெசின் பொய் சொல்லுமா என்று கேட்டார்கள். கடைசியில் முடிவு வந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை கொழும்பில் இருந்து ஓர் அணி வந்து எல்லா ஒட்டையும் வெட்டிப் புதிதாகப் போடும். தலைமைப் பொறியியலாளரும் கூட வருவார். அதற்குப் பிறகு கிளையில் ஒட்டுப் போட ஆள் தேவையில்லை.

நானா இதைச் சொன்னபோது அண்ணன் சண்டை பிடிப்பார் என்று நினைத்தேன். அவரோ தன்னுடைய வெட்டும் கருவியைத் துடைத்து உறையில் போட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, ஒரு வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாகப் பேசினார்.

"என்ட கையில பிழை எண்டு எழுதி அனுப்புறானுகள் புள்ள. மறுகா நான் இந்த ஊரில எந்த முகத்தோட இருக்கிற? அக்காட்ட வாறன் எண்டு சொல்லப் போறன்."

எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஒட்டு விசயத்தில் அவருக்குத் தலைக்கனம் இருந்தது உண்மை. ஆனால் அந்தத் தலைக்கனத்துக்கு ஒரு காரணமும் இருந்ததே. அவர் போட்ட ஒட்டு ஒன்றாவது முன்பு பிழை போனதாக எனக்கு ஞாபகம் இல்லை. ஒரு வாரம் கோபத்தில் இருந்தவள் அதை ஒருமுறையாவது யோசித்துப் பார்த்திருக்கலாம்.

பதிவை எடுத்து வைத்துக்கொண்டு, இந்த முறை கோபம் இல்லாமல் வாசித்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. ஒரு தடவை இணைப்பு விழுந்த பிறகு, ஓர் இல்லைக்கும் அடுத்த இல்லைக்கும் இடையில் இருந்த இடைவெளி எல்லாம் ஒரே அளவு. வரிசையாக, அளந்து வைத்தது போல. கெட்டுப்போன ஒட்டு இப்படி விழாது. பாலத்தில் லொறி போனால் ஆடும், வெயிலுக்கு ஒரு மாதிரி, காற்றுக்கு ஒரு மாதிரி. அதற்கு ஏது நேரசூசி? இப்படி ஒழுங்காக ஒரு காரியத்தை ஒரு நிரல்தான் செய்யும். அதாவது என்னுடைய ட்றைவர்.

துப்புரவாக்கிய நிரலைத் திறந்தேன். இரண்டாவது தரம் வாசிக்கிற வரி அங்கே இல்லை.

அந்த ஒரு வரி போனதால் நடந்ததைப் பாருங்கள். கரண்ட் மாறும்போது வெளிச்சம் ஒரு கணம் சிமிட்டும். சிப் "இல்லை" என்று எழுதிக்கொள்ளும். ட்றைவர் வந்து ஒருமுறை மட்டும் வாசித்து, ஐயோ இல்லையாம் என்று பதறி, அட்டையை அடியோடு நிறுத்தி மறுபடி தொடங்கும். நிறுத்தித் தொடங்கினால் வெளிச்சமும் நின்றுதானே வரும்? சிப் மறுபடி "இல்லை" என்று எழுதும். ட்றைவர் அடுத்த முறை வந்து அதை வாசிக்கும், மறுபடி நிறுத்தும். பிள்ளை நித்திரையா என்று பார்க்க உலுக்கி எழுப்புகிற தாயைப் போல, தானே கெடுத்துவிட்டுத் தானே அழுதுகொண்டிருந்தது. கேபிளில் ஒரு குறையும் இல்லை. ஒட்டிலும் இல்லை.

கொழும்புக்குப் போன் எடுத்தேன். துப்புரவாக்கியவர் தலைமைப் பொறியியலாளரேதான் என்று சொன்னார்கள். அவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவர், நிறையப் படித்தவர், அதிர்ந்து பேசாதவர். அந்த வரியை ஏன் எடுத்தீர்கள் சேர் என்று கேட்டேன். எனக்குக் குரல் கொஞ்சம் உயர்ந்துதான் இருந்தது. அவர் நிதானமாகத் தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"மேல இருக்கிற வரியே திரும்பக் கீழயும் கிடந்தது. பக்கத்தில நீரே மறுக்க எண்டு எழுதியும் வைச்சிருந்தீர். அந்த வரியை மறுக்கச் சொல்லுறீர் எண்டுதான் எடுத்துவிட்டனான்."

"சேர், அது மறுக்க இல்ல. மறுகா."

"மறுகா எண்டா?"

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நான் ஆங்கில எழுத்தில் எழுதிய maruka என்பதை இரண்டு சொல்லாகவும் வாசிக்கலாம். ஒரு தமிழருக்கு, தமிழில், ஒரு தமிழ்ச் சொல்லுக்கு அர்த்தம் சொல்ல வேண்டி வந்தது. சொன்னேன். போன் எடுத்து ஊர்ப் புதினம் கேட்பது, முதல் பதில், இரண்டாவது பதில், சிப்பின் குணம் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு ஒரே மூச்சில் சொன்னேன். அவர் அந்த இரண்டு வரியையும் வாய்விட்டு ஒருமுறை வாசித்தார். பிறகு அவர், வெள்ளிக்கிழமை எப்படியும் வருகிறேன், ஒன்றையும் வெட்ட வேண்டாம், எனக்கு நேரில் செய்து காட்டும் என்றார்.

அவர் சொன்னதை நான் அண்ணனுக்கு அப்படியே ஒப்புவித்தேன். அவர் பெரிதாக நம்பவில்லை. ஆனால் அக்காவுக்குப் போன் எடுப்பதை வெள்ளிக்கிழமை வரைக்கும் தள்ளி வைத்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் நிவாரண அமைப்பின் டவுன் கந்தோரில் எல்லோரும் கூடினோம். தலைமைப் பொறியியலாளர், அவருடைய அணி, நானா, அந்த அமைப்பின் நிர்வாகி. முதலில் கொழும்பில் இருந்து வந்த ட்றைவரையே ஓடவிட்டேன். அண்ணனைக் கேட்டு, அட்டையில் இருந்து இழையைக் கழற்றி உடனே திரும்பச் செருகச் சொன்னேன். அவ்வளவுதான். இல்லை, இல்லை, இல்லை என்று பதிவு தொடங்கிவிட்டது. இழை செருகியே இருக்கிறது, இணைப்பு எழும்பவே இல்லை. நிர்வாகி திரையையும் இழையையும் மாறி மாறிப் பார்த்தார்.

பிறகு அந்த வரியை இருந்த இடத்தில் திரும்பப் போட்ட ட்றைவர். அண்ணன் கழற்றினார். இல்லை என்றது. செருகினார். இருக்கு என்றது. கழற்றினார், இல்லை. செருகினார், இருக்கு. அவருக்கு அதில் ருசி பிடித்துவிட்டது. போதும் அண்ணன் என்று நான் சொன்ன பிறகும் கழற்றிக் கழற்றிச் செருகிக்கொண்டு நின்றார். பொறியியலாளர் எழுந்து வந்து, கொஞ்சம் விடும் என்று கேட்டு வாங்கித் தானும் செய்து பார்த்தார். அது ஒரு தரமும் பிசகவில்லை.

பொறியியலாளர் நானாவின் பக்கம் திரும்பினார். எல்லோருக்கும் கேட்கத்தான் சொன்னார்.

"ஒட்டில பிழை இல்லை. முந்தியும் இருக்கேல்லை. பிழை எங்கட பக்கம்."

அண்ணன் அந்த நேரம் பார்த்து இழையின் முனையைத் துடைக்கத் தொடங்கினார். அதில் துடைக்க ஒன்றும் இல்லை. எனக்குக் கண் கலங்கியது. அதை மறைக்கவும் நான் மினக்கெடவில்லை. எங்கள் இரண்டு அறைக் கிளையைப் பற்றி எனக்கு அன்றைக்கு இருந்த பெருமையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

போகும்போது பொறியியலாளர், அந்தக் குறிப்பை ஆங்கிலத்தில் மாற்றிவிடும், மற்றக் கிளைக்காரருக்கும் விளங்க வேண்டுமே என்றார். நியாயம்தான். ஆங்கிலத்தில் ஒரு விளக்கம் கீழே எழுதுகிறேன், ஆனால் சொல்லை எடுக்க மாட்டேன் என்றேன். நானா எனக்குக் கண் காட்டினார், நான் பார்க்காதது போல நின்றேன். பொறியியலாளர் சிரித்தார். நீர் எடுத்தாலும் நான் திரும்பப் போடுவன் என்றார். எல்லாக் கிளைக்கும் போன அடுத்த சிடியில் அந்தச் சொல் இருந்தது. கொழும்பில், கண்டியில், யாழ்ப்பாணத்தில் எங்கள் அட்டை ஓடிய இடமெல்லாம் மறுகா ஓடியது. அம்மாவுக்கு இதைச் சொன்னேன். அப்படியென்றால் லைசன் கந்தோர் இல்லையா என்று கேட்டார்.

கொழும்பு அணி வந்த வாகனத்திலேயே திரும்பிப் போனது. அண்ணன் அக்காவுக்குப் போன் எடுத்து, வரவில்லை என்று சொன்னார். காரணமும் சொன்னார் போல. அரை மணித்தியாலம் பேசினார்.

மாதங்கள் போயின. சமாதானம் மெல்ல மெல்லக் கழன்றுகொண்டிருந்தது. பாலத்தில் சோதனை கூடியது. மூட்டை மூட்டையாய் சனம் இடம்பெயர்ந்து வரத் தொடங்கியதில் களஞ்சியத்துக்கும் கந்தோருக்கும் நடுவில் வேலை நெரிந்தது. அப்படி ஒரு காலையில் இணைப்பு இல்லை என்று என்னுடைய ட்றைவர் சொன்னது. அக்கரைக் களஞ்சியத்துக்குப் போன் எடுத்தால், மெசின் ஓடுகிறது, அங்கேயும் இல்லை என்றுதான் காட்டுகிறது என்றார்கள். கரண்ட் நிற்கவில்லை. வயர்லெஸ்ஸும் அன்றைக்கு என்று பார்த்து இழுபறி.

நானா யோசித்தார். அதிகாரி அன்று சொன்னது அவருக்கு மறக்கவில்லை. அதே அதிகாரிதான் இன்னும் பாலத்தில் இருந்தார். கந்தோருக்கும் களஞ்சியத்துக்கும் போய், இரண்டு முனையிலும் அளந்து பார்த்துவிட்டுப் பிறகு பாலத்துக்குப் போகலாம் என்றார் நானா. சோதனை வரிசைகளில் நின்று அதைச் செய்து முடிக்கப் பின்னேரம் ஆகிவிடும். அதற்குள் பெட்டி திறக்க அனுமதி கொடுக்கிற நேரமும் போய்விடும். அண்ணன் பையைத் தோளில் போட்டார்.

ட்றைவர் மேல் எனக்கு நம்பிக்கை இருந்தது. ஆனால் திரையில் வருகிற ஒரு சொல்லை நம்புவது வேறு, அதை நம்பி ஒரு மனிசன் துவக்குக்கு முன்னால் போய்க் குந்தியிருப்பது வேறு. நின்றுகொள்ளுங்கள் அண்ணன், நான் ஒரு தரம் நிரலைத் திறந்து பார்க்கிறேன் என்றேன்.

"என்னத்துக்கு? அது மறுகா பாத்துத்தானே சொல்லுது" என்றார். "புள்ளட ட்றைவர் இல்லை எண்டா இல்லைதான்."

படியிறங்கிப் போய்விட்டார்.

அவர் போன் எடுக்கும் வரைக்கும் நான் ஒரு வேலையும் செய்யவில்லை. சிப் பழுதாகியிருந்தால்? அட்டை பழுதாகியிருந்தால்? நான் யோசிக்காத இன்னொரு குணம் அதற்கு இருந்தால்? பெட்டியைத் திறக்கிறார், உள்ளே எல்லாம் சரியாக இருக்கிறது, அதிகாரி நடந்து வருகிறார். இதைத்தான் திரும்பத் திரும்பக் கண்டேன். அன்றைக்கு அவருடைய கை அல்ல, என்னுடைய கை பாலத்தில் இருந்தது. நானா இரண்டு தரம் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். இரண்டும் ஆறிப்போனது.

போன் அடித்தது. பாலத்துக் காற்று இரைந்தது. பின்னால் யாரோ சிங்களத்தில் ஏதோ சொல்வது கேட்டது.

"புள்ள, பெட்டிக்கு அங்கால, சென்றிக்கு மண்மூட்டை இழுத்த இடத்தில அறுந்துபோய்க் கிடக்கு. சுத்தமா ரெண்டு துண்டு. அதிகாரியும் வந்து பாத்திட்டார். ஒட்டுறன், இரு."

நான் கதிரையை விட்டு எழும்பி, "அறுந்திட்டு நானா, கேபிள் அறுந்திட்டு" என்று கத்தினேன். பக்கத்துக் கந்தோரில் இருந்தும் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். கேபிள் அறுந்ததற்கு இவ்வளவு சந்தோசப்பட்ட ஒரு பொம்பிளையை அவர்கள் அதற்கு முன் கண்டிருக்க மாட்டார்கள். எனக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை.